முப்பது வயதான வி.எம்.சி.யை வாங்கலாமா?

கேள்வி: ஐயா, கோவை கணபதியில் நான்கு லேத், ஒரு ரேடியல் டிரில், ஒரு சாதாரண மில்லிங் மெஷின் ஆகியவற்றோடு சிறிய பட்டறை நடத்தி வருகிறேன். பம்ப் உதிரிகளும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வால்வு பாடிகளும் ஜாப் ஒர்க்காகச் செய்கிறோம். 1993-இல் ஜப்பானில் செய்த ஒரு வி.எம்.சி. (கம்ப்யூட்டர் கட்டளையில் தானாக வெட்டும் செங்குத்து மில்லிங் மெஷின்) எட்டரை லட்சம் ரூபாய்க்கு வந்திருக்கிறது. பி.டி. 40 அளவு ஸ்பிண்டில் (கட்டரைப் பிடித்துச் சுழலும் தண்டு), இருபது டூலைத் தானாக மாற்றும் ஏ.டி.சி., ஃபேனக் நிறுவனத்தின் 0-எம்.சி. கன்ட்ரோல். “கன்ட்ரோல்தான் பழசு; புதுசு மாட்டிவிட்டால் மெஷினே புதுசாகிவிடும்” என்று விற்பவர் சொல்கிறார். இன்ஜினியரிங் முடித்த என் தம்பி மகன், கம்ப்யூட்டரில் ஓடும் கன்ட்ரோல் மென்பொருளான லினக்ஸ் சி.என்.சி. போட்டால் குறைந்த செலவில் முடித்துவிடலாம் என்கிறான். பிற்பாடு ஃபவுண்டரிகளுக்கு வார்ப்பு அச்சு எடுக்க உதவும் அலுமினியப் பேட்டர்ன் செய்து தரவும் ஆசை உண்டு. இந்த மெஷினை வாங்கலாமா? வாங்கினால் உடனே கன்ட்ரோலை மாற்ற வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மெஷின் வாங்கத் தகுந்ததா என்பது முதல் கேள்வி. கன்ட்ரோலை மாற்ற வேண்டுமா என்பது அதற்குப் பின்னால் வர வேண்டியது. விற்பவர் இரண்டையும் சேர்த்துப் பேசுவதால், பழைய கன்ட்ரோல் ஒன்றுதான் அந்த மெஷினின் குறை என்ற எண்ணம் உங்கள் மனத்தில் விழுந்துவிட்டதாகத் தெரிகிறது. கன்ட்ரோல், டிரைவ், மோட்டார் ஆகிய மூன்றையும் பணம் கொடுத்து, இத்தனை நாளில் முடியும் என்று கணக்குப் போட்டு மாற்றிவிடலாம். தேய்ந்த கைடுவேயையும் (டேபிள் நகரும் வழி), எப்போதோ நடந்த மோதலில் சாய்ந்த தூணையும், வாய் அகன்றுபோன ஸ்பிண்டில் டேப்பரையும் (டூல் ஹோல்டர் உட்காரும் கூம்புத் துளை) சரிசெய்ய இறங்கினால், செலவு நீங்கள் மெஷினுக்குக் கொடுத்த விலையையே தாண்டிவிடக்கூடும். ஆகவே நீங்கள் பார்க்கப் போக வேண்டியது மெஷினின் உடம்பை.

காலையில், அவர்கள் மெஷினை ஓட்டத் தொடங்குவதற்கு முன் போய்ச் சேருங்கள். போனவுடன் ஸ்பிண்டில் மோட்டாரையும் எலெக்ட்ரிகல் கேபினெட்டையும் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஈரப்பதம் ஏறிய போர்டுகளும் வயதான கெப்பாசிட்டர்களும் குளிர்ந்த நிலையில் முதன்முறை பவர் போடும்போதுதான் தங்கள் குறையைக் காட்டும். அந்த அலாரங்களை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். பிறகு குறைந்தது மூன்று மணி நேரமாவது மெஷின் ஓட வேண்டும் என்று கேளுங்கள். அரை மணி நேரம் காட்டிவிட்டு “பார்ட்டி காத்திருக்கிறது” என்று அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள்.

முதலில் டெலஸ்கோப்பிக் கவர்களைக் கழற்றச் சொல்லி கைடுவேயைப் பாருங்கள். மெஷின் வார்ப்பிரும்பை மட்டுமே, அதுவும் கூலன்ட் இல்லாமல், வெட்டிக்கொண்டிருந்தால், அந்தத் தூள் எண்ணெயோடு கலந்து லேப்பிங் பசையைப்போல வேலை செய்து வழிகளைத் தின்றிருக்கும். ஒவ்வொரு வழியிலும் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். லூப்ரிகேஷன் டேங்கில் எண்ணெய் நிறைந்திருப்பது எதையும் நிரூபிக்காது. பல நாள் ஓடியும் எண்ணெய் மட்டம் குறையவில்லை என்றால் எண்ணெயைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் அடைத்திருக்கக்கூடும். அடைத்த ஒரு முனைக்குக் கீழே இருக்கும் வழி எத்தனை மாதமாக உலர்ந்து ஓடியது என்பதை யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது பேக்லாஷ், அதாவது திசை மாற்றும்போது அச்சு நகராமல் வீணாகும் தளர்ச்சி. டயல் கேஜை ஸ்பிண்டிலில் மாட்டி, டேபிளில் கட்டிய ஒரு பிளாக்கின்மீது முள்ளை நிறுத்தி, ஹேண்ட்வீலில் ஒரு பக்கமாக நகர்த்திப் பிறகு திருப்புவது எல்லோருக்கும் தெரிந்த முறைதான். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. கன்ட்ரோலில் ஏற்கெனவே பேக்லாஷ் ஈடுசெய்யும் மதிப்பு போடப்பட்டிருந்தால், டயல் உங்களுக்குக் காட்டுவது ஈடுசெய்த பிறகு எஞ்சியதை மட்டுமே. 0-எம்.சி.யில் இந்த மதிப்புகள் 535, 536, 537 ஆகிய பாராமீட்டர்களில் (கன்ட்ரோலின் அமைப்பு மதிப்புகள்) எக்ஸ், ஒய், இசட் என்ற வரிசையில் இருக்கும். அவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு, விற்பவரின் ஆபரேட்டரைக் கொண்டே மூன்றையும் சுழியமாக்கச் சொல்லி, அதன் பிறகு அளந்து பாருங்கள். பாராமீட்டரைத் திறக்கும்போது 100-ஆம் எண் அலாரம் வரும். அது இயல்பானது, மீண்டும் பூட்டிவிட்டு ரீசெட் செய்தால் போய்விடும். பல ஆண்டுகளுக்கு முன் நான் பார்க்கப் போன ஒரு மெஷினில் டயலில் பேக்லாஷ் எதுவுமே தெரியவில்லை; பாராமீட்டரைத் திறந்தபோது எக்ஸ் அச்சில் 90 மைக்ரான் போட்டு மறைத்திருந்தார்கள். வெளியே புதுப் பெயின்ட் அடித்து அழகாக நின்ற மெஷின் அது.

அளவை ஒரே இடத்தில் எடுக்காதீர்கள். டேபிளின் இரு முனைகளிலும் நடுவிலும் எடுங்கள். மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு வந்தால் பிரச்சினை பெரும்பாலும் த்ரஸ்ட் பேரிங்கிலோ லாக் நட்டிலோ கப்ளிங்கிலோ டேபிளை நகர்த்தும் பால் ஸ்க்ரூவின் நட்டிலோ இருக்கும். இவை கட்டுப்படியாகும் செலவில் சரிசெய்யக்கூடியவை. முனைகளில் 15 மைக்ரானும் நடுவில் 60 மைக்ரானும் வந்தால், தினமும் வேலை நடந்த நடுப்பகுதியில் ஸ்க்ரூவே தேய்ந்திருக்கிறது. எந்தக் கன்ட்ரோலைக் கொண்டுவந்து மாட்டினாலும் ஒற்றை மதிப்பைக் கொண்டு அந்த வேறுபாட்டை ஈடுசெய்ய முடியாது. ஸ்க்ரூவை மாற்றியே ஆக வேண்டும். த்ரஸ்ட் பேரிங்கைத் தனியாகச் சோதிக்க ஒரு பழைய வழி உண்டு: ஸ்க்ரூவின் முனையில் இருக்கும் சென்டர் துளையில் கொஞ்சம் கிரீஸ் வைத்து ஒரு ஸ்டீல் பந்தை ஒட்டி, பந்தின்மீது டயலை நிறுத்தி அச்சைத் திசை மாற்றி நகர்த்துங்கள். ஸ்க்ரூ முன்னும் பின்னும் அசைந்தால் குற்றம் பேரிங்கினுடையது.

ஸ்பிண்டிலுக்கு 300 மி.மீ. டெஸ்ட் பார் ஒன்றை இரவல் வாங்கியாவது எடுத்துச் செல்லுங்கள். மூக்கருகே 10 மைக்ரானுக்குள்ளும், 300 மி.மீ. தள்ளி 20 மைக்ரானுக்குள்ளும் சுழலும்போது டயல் காட்டும் ஓட்டம் (ரன்-அவுட்) இருந்தால் இந்த வயது மெஷினுக்கு நான் திருப்தி அடைவேன். டேப்பரில் ப்ளூ (தொடும் இடத்தைக் காட்டும் நீல மை) தடவி, நல்ல ஹோல்டர் ஒன்றைப் பொருத்தி எடுத்துப் பார்த்தால், பெரிய வாய்ப்பக்கம் முழுவதும் தொடுகிறதா என்று தெரியும். அங்கே தொடாமல் உள்பக்கம் மட்டும் தொட்டால் வாய் அகன்றிருக்கிறது. ஃபேஸ் மில் கனமாக வெட்டும்போது அதிரும். டூலைப் பிடிக்கும் டிஸ்க் ஸ்பிரிங்குகளில் சில உடைந்திருந்தாலும் இதே அதிர்வு வரும். டூலை உள்ளிழுத்துப் பிடிக்கும் டிராபாரின் விசையை அளக்கும் கேஜ் வைத்திருப்பவர் ஒருவரைக் கூட அழைத்துச் சென்று, கையேட்டில் சொன்ன அளவு வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. பிறகு உச்ச வேகத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டுச் சத்தத்தையும் சூட்டையும் கவனியுங்கள்.

வடிவியல் சோதனைகளை விரித்து எழுத இங்கே இடம் இல்லை. செங்குத்து ஸ்பிண்டில் கொண்ட மெஷினிங் சென்டர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 10791-இன் இரண்டாம் பகுதி முறையாக வகுத்துத் தந்திருக்கிறது. குறைந்தபட்சம் இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். ஸ்பிண்டிலில் டயலை மாட்டி டேபிளில் 300 மி.மீ. விட்டத்துக்கு ஒரு வட்டம் சுற்றிப் பாருங்கள். அடுத்து மாஸ்டர் ஸ்கொயர் வைத்து இசட் அச்சை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் 20 மைக்ரானைத் தாண்டி வந்தால், மெஷினை முதலில் லெவல் செய்துவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் வியாபாரியின் கோடவுனில் மெஷின்கள் பெரும்பாலும் மரக்கட்டைமேல்தான் நிற்கின்றன. லெவல் செய்த பிறகும் சாய்வு போகவில்லை என்றால் மோதல் நடந்த மெஷின் என்று எடுத்துக்கொள்ளலாம். எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தும்போது இசட் ஹெட் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் ஒரு டயலை வைத்துப் பார்த்துவிடுங்கள். அந்த மோட்டாரின் பிரேக் தேய்ந்திருந்தால், வேலைப்பொருளைக் கழற்றிக்கொண்டிருக்கும் ஆபரேட்டரின் கைமேல் ஹெட் இறங்கும். இதை மட்டும் “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று விடக் கூடாது.

கடைசிச் சோதனை, உங்கள் வேலை. வியாபாரி வைத்திருக்கும் அலுமினியக் கட்டையில் பெயர் பொறித்துக் காட்டுவதைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். நீங்கள் தினமும் செய்யும் வால்வு பாடி வார்ப்பு ஒன்றையும், பம்ப் உதிரி வார்ப்பு ஒன்றையும், உங்கள் கட்டர்களையும் கையோடு கொண்டுபோய் ஃபேஸ் மில் செய்து, துளை போட்டு, டேப் அடித்துப் பாருங்கள். எண்ட் மில்லைக் கொண்டு 150 மி.மீ. வட்டம் ஒன்றையும் வெட்டுங்கள். அச்சுகள் திசை மாறும் நான்கு இடங்களிலும் படிக்கட்டுப்போல ஒரு தழும்பு விழுந்தால் மேலே சொன்ன பேக்லாஷுக்கு அதுவே சாட்சி. வெட்டிக்கொண்டிருக்கும்போது டயக்னாஸ்டிக் திரையில் 800, 801, 802 ஆகிய எண்களைப் பார்த்தால் ஒவ்வொரு அச்சும் கட்டளைக்கு எவ்வளவு பின்தங்கி ஓடுகிறது என்று தெரியும். ஒரே ஃபீடில் ஓடும்போது ஓர் இடத்தில் மட்டும் எண் துள்ளினால், அந்த இடத்தில் வழி இறுகியிருக்கிறது.

இவற்றில் மெஷின் தேறிவிட்டால் வாங்குங்கள். தேறாவிட்டால், கன்ட்ரோலை இலவசமாக மாற்றித் தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

இனி கன்ட்ரோல். ஃபேனக் 0 வரிசை 1985-இல் வெளிவந்தது. உலகமெங்கும் மிக அதிகமாக விற்பனையான கன்ட்ரோல்களில் ஒன்று. அதன் போர்டுகளைப் பழுது பார்ப்பவர்கள் இன்றும் கிடைக்கிறார்கள். வாடிக்கையாளர் பயன்படுத்தும்வரை பராமரிப்புத் தருவோம் என்பது அந்த நிறுவனமே வெளிப்படையாக அறிவித்துள்ள கொள்கையும்கூட. அலாரம் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் 0-எம்.சி.யை வயதைக் காரணம் காட்டிப் பிடுங்கிப் போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைத்ததில்லை. ஃபிளாஞ்ச் முகம், போர், போல்ட் துளை, டேப் என்று நீங்கள் சொல்லும் வேலைகளுக்கு அது தாராளமாகப் போதும். திரை மங்கியிருந்தால் அதே இடத்தில் பொருந்தும் எல்.சி.டி. திரைகள் விற்கின்றன. ரிஜிட் டேப்பிங் (ஸ்பிண்டில் சுற்றோடு ஒத்து டேப்பை இறக்கும்) வசதி அந்த மெஷினில் திறந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் ஃப்ளோட்டிங் டேப் ஹோல்டர்களை வைத்தே காலம் தள்ள வேண்டியிருக்கும்.

அதன் உண்மையான எல்லை அலுமினியப் பேட்டர்னில்தான் தெரியும். அந்தக் காலத்தில் நினைவகத்தைக் காகித டேப்பின் நீளத்தைக்கொண்டு சொன்னார்கள். 80 மீட்டர் என்றால் ஏறக்குறைய 32 கிலோபைட். வரைபடத்திலிருந்து கேம் (CAM) மென்பொருள் எழுதித் தரும் முப்பரிமாணப் புரோகிராம் ஒன்று இதைப்போல நூறு மடங்கு இருக்கும். ஆகவே கம்ப்யூட்டரிலிருந்து ஆர்.எஸ். 232 கேபிள் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஊட்ட வேண்டும். வேகம் 4800 பாட் (நொடிக்கு 4800 பிட்) என்று வையுங்கள். ஓர் எழுத்துக்கு 11 பிட் செலவாவதால் நொடிக்குச் சுமார் 436 எழுத்துகள் போகும். ஒரு வரிக்கு 22 எழுத்து என்று கொண்டால் நொடிக்கு ஏறத்தாழ இருபது வரிகள். வளைந்த பரப்பில் ஒவ்வொரு வரியும் 0.2 மி.மீ. நகர்த்துமானால், நொடிக்கு 4 மி.மீ.; அதாவது நிமிடத்துக்கு 240 மி.மீ. நீங்கள் ஃபீடை 1500 என்று எழுதினாலும் கட்டர் அதற்குமேல் போகாது. தரவுக்காக நின்று நின்று போகும், பரப்பில் அந்தத் தழும்பு தெரியும். பாட் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் நிலைமை பெரிதாக மாறிவிடாது. ஆகவே, பேட்டர்ன் ஆர்டர்கள் உறுதியாகக் கைக்கு வந்த பிறகு கன்ட்ரோலை மாற்றுவதில் நியாயம் உண்டு. ஆசையாக மட்டும் இருக்கும்போது அந்தப் பணத்தை வட்டிக்கு வாங்கிப் போடாதீர்கள்.

உங்கள் தம்பி மகனின் யோசனைக்கு வருகிறேன். லினக்ஸ் சி.என்.சி. விளையாட்டுப் பொருள் அன்று. அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் உருவாக்கிய இ.எம்.சி. என்ற கன்ட்ரோலின் வழியில் வந்தது. கம்ப்யூட்டரை மெஷினோடு இணைக்கும் மீசா அட்டைகளோடு சேர்த்து அதைத் தொழிற்சாலை மெஷின்களில் வருடக்கணக்காக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் “குறைந்த செலவு” என்று அவர் போட்ட கணக்கு, பழைய டிரைவையும் மோட்டாரையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் போட்டதா என்று கேளுங்கள். பிளஸ் மைனஸ் 10 வோல்ட் அனலாக் கட்டளையில் ஓடும் டிரைவ்கள் கொண்ட மெஷினாக இருந்தால் அந்த நம்பிக்கை சரி. கன்ட்ரோலை மட்டும் கழற்றிவிட்டு அட்டையிலிருந்து அதே வோல்டேஜைக் கொடுக்கலாம். 0-எம்.சி. அப்படிப்பட்டதன்று. அதில் டிஜிட்டல் சர்வோ. மோட்டாருக்கு எவ்வளவு கரன்ட் போக வேண்டும் என்ற கணக்கையே கன்ட்ரோலுக்குள் இருக்கும் ஆக்சிஸ் கார்டு போடுகிறது; கேபினெட்டில் இருக்கும் ஆம்ப்ளிஃபையர் அந்தக் கணக்கின்படி வரும் பி.டபிள்யூ.எம். (துடிப்பின் அகலத்தால் அளவு சொல்லும்) சிக்னலைப் பெருக்கித் தரும் வெறும் பவர் ஸ்டேஜ். மோட்டாரின் நிலையை அளக்கும் என்கோடர் பேசும் சீரியல் மொழியும் ஃபேனக்கின் சொந்த மொழி. ஆகவே வேறு கன்ட்ரோல் எதை மாட்டினாலும், மூன்று அச்சுக்கும் டிரைவும் மோட்டாரும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும் என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். மோட்டாரை மாற்றினால் ஷாஃப்டும் ஃபிளாஞ்சும் பொருந்தாது. அடாப்டர் கடைந்து, கப்ளிங் மாற்றி, இசட் அச்சுக்குப் பிரேக் உள்ள மோட்டாராகப் பார்த்து வாங்க வேண்டும்.

இதற்குமேல் ஏ.டி.சி. இருக்கிறது. ரெட்ரோஃபிட், அதாவது பழைய மெஷினில் புதுக் கன்ட்ரோல் மாட்டும் வேலையில் அச்சுகளை ஓடவைப்பது எளிய பாதி. டிரம் சுழல்வது, ஸ்பிண்டில் சரியான கோணத்தில் நிற்பது, டூலை விடுவது, பிடித்துவிட்டதை உறுதிசெய்வது, நடுவில் கரன்ட் போனால் எங்கிருந்து தொடர்வது என்ற ஒழுங்கு முழுவதையும் மெஷின் கட்டியவர் லேடராக (ரிலே வரைபடம் போன்ற புரோகிராமாக) எழுதி ரோமில் பதித்து வைத்திருக்கிறார். கன்ட்ரோல் மாறினால் அதை முதலிலிருந்து எழுத வேண்டும். எலெக்ட்ரிகல் வரைபடமும் லேடர் பிரின்ட்டும் மெஷினோடு வருகின்றனவா என்று விற்பவரிடம் இன்றே கேளுங்கள். அந்த இரண்டு ஃபைல்களும் இல்லாத மெஷினுக்கு நான் விலையைக் கணிசமாகக் குறைத்துத்தான் கேட்பேன்.

உங்கள் தம்பி மகனின் திறமையில் எனக்கு ஐயமில்லை. அவர் நாளை வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டால், இரவு ஷிஃப்டில் நடுவழியில் நின்றுபோன டூல் மாற்றத்தை யார் வந்து சரிசெய்வார் என்பதே என் கவலை. மாற்றியே தீர வேண்டிய நாள் வந்தால், ஃபேனக் 0ஐ-எம்.எஃப்., சீமென்ஸ் 828டி போன்றவற்றை டிரைவ், மோட்டாரோடு முழுத் தொகுப்பாகப் போட்டு, சர்வீஸ் பொறுப்பையும் எழுத்தில் ஏற்கும் ஒருவரிடம் கொடுங்கள். லேடரின் சோர்ஸும் பாஸ்வேர்டும் உங்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதை பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள். லினக்ஸ் சி.என்.சி.யை அவர் கற்றுக்கொள்ள விரும்பினால், உங்கள் சாதாரண மில்லிங் மெஷினில் இரண்டு அச்சு மாட்டிப் பழகட்டும். அதில் வரும் அனுபவம் பின்னால் இந்த மெஷினுக்கும் பயன்படும்.

வாங்கிய கையோடு செய்ய வேண்டிய செலவுகள் சிறியவை, ஆனால் தவறாமல் செய்ய வேண்டியவை. கேபினெட் விசிறிகளையும், ஸ்பிண்டில் பெல்ட்டையும், அடைத்த லூப்ரிகேஷன் முனைகளையும் மாற்றுங்கள். ஜப்பான் மெஷின் 200 வோல்ட்டில் ஓடுவது. நம் 415 வோல்ட்டை அதற்கு இறக்கித் தரும் ட்ரான்ஸ்ஃபார்மர் விலைக்குள் அடங்குகிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தனி எர்த்திங் போடுங்கள். கம்ப்யூட்டருக்கும் மெஷினுக்கும் வெவ்வேறு எர்த் இருந்து, ஓடும்போதே ஆர்.எஸ். 232 கேபிளைச் செருகினால் போர்ட் எரிந்துபோகும். இரண்டையும் அணைத்துவிட்டுச் செருகும் பழக்கத்தை ஆபரேட்டருக்குக் கற்றுக்கொடுங்கள்.

மெஷினை லாரியில் ஏற்றும் நாளுக்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. 0-எம்.சி.யின் பாராமீட்டர்கள், புரோகிராம்கள் எல்லாம் மூன்று டி அளவு அல்கலைன் பேட்டரிகளின் தயவில் உயிரோடிருக்கின்றன. மெஷின் கோடவுனில் கிடக்கும்போது அவை தீர்ந்தால் எல்லாம் அழிந்துவிடும். 900-இல் தொடங்கும் பாராமீட்டர்கள் அந்த மெஷினுக்கென்று ஃபேனக் திறந்துவிட்ட வசதிகளைக் குறிப்பவை. அவற்றை ஊகித்துப் போட முடியாது. மூன்று மாதம் கோடவுனில் நின்று பேட்டரி இறந்த ஒரு மெஷினை ஒருவர் வாங்கிவிட்டு, அந்த எண்கள் கிடைக்காமல் வாரக்கணக்கில் அலைந்ததை நான் உடனிருந்து பார்த்திருக்கிறேன். ஆகவே விலை பேசி முடித்த அன்றே, மெஷின் ஓடும் நிலையில், பாராமீட்டர் திரைகள் அத்தனையையும் பக்கம் பக்கமாக மொபைலில் படம் எடுங்கள். கேபினெட் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தாளையும் எடுங்கள். கேபிள் வழியாக லேப்டாப்பிலும் ஒரு பிரதி இறக்குங்கள். பிறகு பவர் ஆன் நிலையிலேயே பழைய பேட்டரிகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போடுங்கள். பவரை அணைத்துவிட்டு மாற்றினால் நாமே அழித்ததாகிவிடும். அதன் பிறகு லாரிக்குச் சொல்லலாம்.